ரவுண்ட்ஸ்டோன் கரையில் கறிமீன்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோல்வே பஸ் நிலையத்தில் இருந்து புறப்பட்டேன். அயர்லாந்துக்கு வந்து ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், ஆகியிருந்தது. அந்த ஏழு கிழமையிலும் நான் கண்டது விடுதி, விரிவுரை மண்டபம், ஒரு மலிவான பலசரக்குக் கடை, இவற்றுக்கு நடுவே அவசரமாக ஓடும் ஓர் ஆறு, அவ்வளவுதான். வரும் திங்கள் அந்த நாட்டில் பொது விடுமுறை. என்னோடு சமையலறையைப் பங்கிட்ட நாலு பெண்களும் வியாழன் பின்னேரமே பெட்டிகளை இழுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆளில்லாத சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி உறுமுவதைக் கேட்டுக்கொண்டு நாலு நாள் இருக்க என்னால் முடியாது என்று தோன்றியது.

இன்னொரு காரணமும் இருந்தது. என் தொலைபேசியில் அனுப்பாத மின்னஞ்சல் ஒன்று கிடந்தது. ‘சொந்தக் காரணங்களால் முதுகலைப் படிப்பில் இருந்து விலகிக்கொள்கிறேன்’ என்று தொடங்கும் ஆறு வரி. செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்பினால் விலகியதாகப் பதிவார்கள். அதற்குப் பிறகு அனுப்பினால் தோற்றதாகப் பதிவார்கள். அனுப்புவதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும். அந்த அறையில் இருந்துகொண்டு முடிவெடுக்கப் பயமாக இருந்தது. கடல் பக்கமாகப் போய் யோசிக்கலாம் என்று மேற்கே பஸ் ஏறினேன்.

என் ஊர் இலங்கையில், மன்னாருக்குத் தெற்கே உள்ள அரிப்பு என்ற மீனவக் கிராமம். அப்பா சங்கு குளித்தவர், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில், பதினொன்றாம் வகுப்பில் எழுதும் சாதாரணதரப் பரீட்சைக்கு இருந்த முதல் ஆள் நான். பட்டம் பெற்ற முதல் ஆளும் விமானம் ஏறிய முதல் ஆளும் நான்தான். இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். நான் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு, எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிவில் சுவாமியார் என் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். அப்படி அனுப்பப்பட்டவள் ஏழு கிழமையில் பெட்டியோடு திரும்பி வந்து கோயிலில் எந்த வாங்கில் போய் உட்காருவது?

கடலியல்தான் படித்தேன். கடல் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே கடலைக் கணினியில் படித்தார்கள். எண்களை அலசக் கட்டளை எழுத வேண்டும். மற்றவர்கள் அதைப் பழகியே வந்திருந்தார்கள், நான் பழகவில்லை. முதல் கிழமையில் குழுக்களாகப் பிரியச் சொன்னபோது யாராவது கூப்பிடுவார்கள் என்று இருந்த இடத்திலேயே இருந்தேன். எல்லாரும் பிரிந்து முடிந்தபோது நான் ஒருத்தி மிஞ்சியிருந்தேன். ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எழுதிக்கொடுக்க வேண்டிய இரண்டு ஒப்படைகளை நான் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் விரிவுரையாளரின் மேசையருகில் போய்க் கொஞ்ச நேரம் நிற்பேன். அவர் கணினியை மூடிக்கொண்டு, “எல்லாம் சரிதானே?” என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவர் போய்விடுவார்.

ரவுண்ட்ஸ்டோனுக்கு எழுபத்தேழு கிலோமீற்றர். போக மட்டும் பதினான்கு யூரோ. சாரதி நரைத்த மீசைக்காரர். வழியில் நான் சந்தித்தவர்களின் ஆங்கிலத்தை மனதுக்குள் எங்கள் ஊர்ப் பேச்சாக மாற்றித்தான் விளங்கிக்கொண்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். திருத்தமான தமிழில் எழுதினால் அவர்களின் குரல் போய்விடும்.

“ரவுண்ட்ஸ்டோனோ பிள்ளை? திரும்பி வாறதுக்கு ஞாயிற்றுக்கிழமை ரெண்டே முக்காலுக்கு ஒரு பஸ்தான் இருக்கு. விட்டீங்களெண்டால் செவ்வாய்க்கிழமை வரைக்கும் மீனோடதான் இருக்கோணும்.”

“எனக்கு மீன் பிடிக்கும்.”

“பிடிக்கும் எண்டுதான் எல்லாரும் தொடங்குறவை” என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துத் தந்தார்.

ஊக்டரார்ட் என்ற சிறிய பட்டினம் வரை, இருபத்தேழு கிலோமீற்றர், மரங்கள் கூடவே வந்தன. அதைத் தாண்டியதும் ஒரு மரமும் இல்லை. ஈரமான மண்ணிறச் சதுப்பு, அதில் கறுப்பாக வெட்டி எடுத்த வாய்க்கால்கள், இடையிடையே பெயர்ப்பலகை இல்லாத குளங்கள். அயர்லாந்து முழுக்கப் பச்சை என்று படித்திருந்தேன். இந்தக் கொனமாராப் பக்கம் பச்சையைவிடப் பழுப்பே அதிகம். கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் மலையில் ஏறி, ஒன்றையும் காவல் காக்காமல் நடுவழியில் நின்றுவிட்டன. மன்னாரில் வளர்ந்த கண்ணுக்கு மலை ஒரு இடைஞ்சல். வானம் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது.

எதிரே வாகனம் வரும்போதெல்லாம் சாரதி ஸ்டியரிங் வளையத்தில் இருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினார். எதிரே வந்தவரும் தூக்கினார். தெரிந்தவர்களா என்று யோசித்தேன். அத்தனை பேரும் தெரிந்தவர்களாக இருக்க முடியாது. யன்னலோரம் இருந்து நானும் ஒருமுறை விரலைத் தூக்கிப் பார்த்தேன். எதிரே வந்தது ஆடு ஏற்றிய இழுவைப் பெட்டி.

ஒரு கேற்றருகில் இரண்டு கழுதைகள் நின்றன. முன்னால் இருந்த இரண்டு பயணிகள் எழுந்து நின்று படம் எடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னார் பஸ் நிலையத்தில் கழுதையை விலத்தாமல் ஒருவரும் பஸ் ஏற முடியாது. முதல் பட்டம் படித்த காலத்தில் விடுதியில் இரண்டு பேர் என்னை ‘மன்னார்க் கழுதை’ என்றுதான் கூப்பிட்டார்கள். கடைசி வருடம் அவர்களுக்குக் குறிப்புக் கொடுத்தவள் நான். அந்தக் கதையைச் சொல்லப் பக்கத்து இருக்கையில் ஒருவரும் இல்லை.

பதினொன்றே கால் மணிக்கு இறங்கினேன். ரவுண்ட்ஸ்டோன் ஒரே ஒரு தெரு. ஒரு பக்கம் வண்ணம் பூசிய வீடுகள், மறுபக்கம் கீழே துறைமுகம். நோரா என்ற பெண்மணியின் வீட்டில் அறை எடுத்தேன். காலைச் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு ஐம்பது யூரோ.

“தனியவோ வந்தனீங்கள்?”

“ஓம்.”

“ஆரும் பின்னால வருவினமோ?”

“இல்லை.”

நோரா என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். போய் இரண்டாவது கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

அன்று பின்னேரம் முழுவதும் தெருவில் நடந்தேன். எதிர்ப்பட்ட ஒன்பது பேர் எனக்கு வணக்கம் சொன்னார்கள். ஒன்பது பேரும் மழை வரும் என்றார்கள். ஒன்பதாவது ஆள் சொல்லும்போது மழை பெய்துகொண்டே இருந்தது. ஒருவரும் நிற்கவில்லை. அன்பானவர்கள்தான். ஆனால் அந்த அன்புக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

நடுவே இரண்டு மணிக்கு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அரிப்பில் ஆறரை.

“என்ன மகள், சாப்பிட்டியோ?”

“ஓம் அம்மா.”

“பொய் சொல்லாத. குரல் பட்டினிக் குரலாக் கிடக்கு.”

“நீங்கள் என்ன சமைச்சனீங்கள்?”

“பருப்பு.”

“மீன் இல்லையோ?”

 பின்னால் அப்பா இருமுவது கேட்டது.

“இப்ப என்னைக் கயிற்றில கை வைக்க விடுறாங்கள் இல்லை மகள். ‘உங்கட மகள் வெளிநாட்டில. உங்களுக்கு ஏனக்கா கறிமீன்? அங்கால நில்லுங்கோ’ எண்டு மரியாதையாச் சொல்லுறாங்கள். நானும் திரும்பி வாறன்.”

“காசு குடுத்து வாங்குங்கோவன்.”

“வாங்கலாம். வாங்கினால் அது வேற மீன்” என்றார் அம்மா. பிறகு, “நீ படி. இதையெல்லாம் யோசிக்காத” என்று வைத்துவிட்டார்.

கறிமீன் என்றால் என்ன என்று வெளியூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் வள்ளம் வந்து சேர்ந்ததும் அதை மணலுக்கு மேலே இழுக்க வேண்டும். யார் வந்து கயிற்றில் கை வைத்தாலும் அவருக்குக் கறிக்கு ஒரு மீன் உண்டு. கூலி இல்லை, பிச்சையும் இல்லை. அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. இழுத்து முடிந்ததும் கூடையருகில் போய் நிற்க வேண்டும். கேட்கக்கூடாது. கையை நீட்டவும் கூடாது. நின்றால், வள்ளக்காரர் ஒரு மீனை எடுத்து உங்கள் காலடி மணலில் எறிவார்.

ஆழத்தில் சங்கெடுத்து அப்பாவின் கால்கள் இரண்டும் விறைத்துப்போனபோது எனக்குப் பத்து வயது. அன்றில் இருந்து நானும் அம்மாவும் கயிற்றுக்குப் போனோம். பதினைந்து வயதில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதால் வெள்ளைச் சட்டையோடு போய் இழுத்தேன். வள்ளம் சூசை மாமாவுடையது. “எடியே பள்ளிக்கூடத்துக்காரி, பிடியடி!” என்று அவர் எறிந்த பாரை மீன் மணலில் விழுந்து துள்ளி, என் சட்டையில் இரத்தத்தைத் தெறித்தது. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சட்டையோடுதான் வகுப்பில் இருந்தேன். இனி ஒருநாளும் ஒருவருடைய கூடையருகிலும் நிற்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு அம்மா தனியாகப் போனார்.

சனிக்கிழமை மதியம் நோரா சொன்ன பாதையில் தெற்கே மூன்று கிலோமீற்றர் நடந்தேன். கல்வேலிகளுக்கு நடுவே ஒரு சரிவு, அதன் முடிவில் திடீரென்று வெள்ளைக் கடற்கரை. அந்த இடத்துக்கு நாய் விரிகுடா என்று பெயர். மணலை அள்ளிப் பார்த்தேன். அது மணலே இல்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடுகள், கோடிக்கணக்கில், பொடியாகி. எங்கள் கரையிலும் குனிந்து அள்ளினால் பழைய முத்துச் சிப்பியின் ஓட்டுத்துண்டு கையில் வரும். பெரிய கண்டுபிடிப்பொன்றைச் செய்தவள் போல நிமிர்ந்து பார்த்தேன். கரையில் ஒரு குருவிகூட இல்லை.

கரையோரமாக நடந்து அடுத்த சின்னக் குடாவுக்குப் போனபோது நாலு மணி. இரண்டு ஆண்கள் ஒரு கண்ணாடியிழை வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குச் செந்தாடி, முப்பத்தைந்து வயதிருக்கும். மற்றவர் இன்னும் இளையவர். இரவு காற்று வரப்போகிறது போலிருந்தது, அலை ஏறக்கூடிய எல்லைக்கு மேலே கொண்டுபோகப் பார்த்தார்கள். உருட்டுக் கட்டைகளை வைத்திருந்தார்கள். ஆனால் ஒருவர் இழுக்கும்போது மற்றவர் மூச்சு வாங்கினார்.

எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. சப்பாத்தைக் கழற்றியது ஞாபகம் இல்லை. கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு கயிற்றின் நடுப்பகுதியைப் பிடித்திருந்தேன். குதிகால் தானாக மணலில் பள்ளம் தோண்டியது. “ஏ…லோ, ஏலேலோ!” என்று என் வாய் கத்தியது. ஏழு கிழமையில் நான் போட்ட முதல் சத்தம் அது. இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஆனால் அடுத்த ‘ஏ…லோ’வுக்கு மூன்று பேரும் ஒன்றாக இழுத்தோம். வள்ளம் ஓர் ஆள் நீளம் ஏறியது. பத்து இழுப்பில் புல்தரைக்கு வந்துவிட்டது.

“அருமை! நீங்கள் நல்லா இருக்கோணும்” என்றார் செந்தாடிக்காரர். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேரும் கூடைகளை வான் வண்டிக்குள் ஏற்றத் தொடங்கினார்கள். நண்டு, இரண்டு சிங்க இறால், ஒரு பெட்டி நிறைய முதுகில் வரி போட்ட மீன். எங்கள் ஊர்க் கும்பளா மீனின் சொந்தக்காரன்.

நான் பெட்டியருகில் போய் நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன். மழை தொடங்கியது.

“எல்லாம் சரிதானே?” என்றார்.

“சரி” என்றேன்.

இன்னொரு கூடையை ஏற்றினார். திரும்பிப் பார்த்தார். நான் நின்றேன். இளையவர் அவருடைய காதில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் வேகமாக ஏற்றினார்கள். கடைசியில் மீன் பெட்டியும் போனது.

“எங்கேயாவது இறக்கிவிடவோ?”

“இல்லை, நன்றி.”

வான் மேட்டில் ஏறி மறைந்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே விளங்கியது. உள்ளங்கை இரண்டிலும் கயிறு சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. முதுகலைப் படிப்புக்கு வந்தவள், வேறொருவருடைய நாட்டில், மழையில் கறிமீனுக்கு நின்றிருக்கிறேன். அதுவும் கிடைக்காமல். மூன்று கிலோமீற்றரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அறைக்கு வந்து ஈர உடுப்போடு கதிரையில் இருந்து அந்த ஆறு வரியைத் திறந்தேன். எழுத்துப்பிழை ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். பிழை இல்லை. ஆனால் அந்த வீட்டில் இணைய இணைப்பு வந்து வந்து போனது. சரி, கோல்வே போய் அனுப்பலாம் என்று படுத்தேன்.

ஞாயிறு. இரவோடு இரவாக அந்த நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். குளிர்காலத்துக்காக வருடாவருடம் செய்வதாம். தனியாக இருப்பவளுக்கு இன்னொரு மணித்தியாலத்தை ஏன் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

நோரா முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு எதிரே வந்து இருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தார்.

“மார்ட்டினை நல்லாப் பயப்படுத்திப்போட்டீங்கள்.”

“யார் மார்ட்டின்?”

“நேற்று வள்ளம் இழுத்தீங்களே, அவன். ராத்திரி ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறான். எங்கேயோ இருந்து ஒரு பெட்டை வந்து மூண்டு ஆம்பிளையின்ர பலத்தில இழுத்ததாம். பிறகு அவன்ர பெட்டியையே பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நிண்டதாம். மீன்பிடிக் கந்தோரில இருந்து மறைஞ்சு வந்த இன்ஸ்பெக்டர் எண்டு நினைச்சு, அளவு குறைஞ்ச அந்தச் சிங்க இறால் ரெண்டையும் ராத்திரியே திருப்பிக் கடலுக்குள்ள விட்டுட்டானாம்!”

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு அது பிடித்திருந்தது. அதிகாரி. அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினால் இந்த ஊர் என்னை அதிகாரியாகவே நினைவில் வைத்திருக்கும். கறிமீனுக்கு நின்றவள் என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஊர்க் கோயிலில் பத்து மணிப் பூசைக்குப் போனேன். ஒரு முப்பது பேர் இருந்தார்கள், பாட்டு இல்லை, எல்லாம் முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. சமாதானம் சொல்லும் நேரத்தில் முன் வாங்கில் இருந்தவர்கள் திரும்பி ஒவ்வொருவராக என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஏழு கிழமையாக என்னை ஒருவரும் தொட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மாவும் இப்போதெல்லாம் கயிற்றைவிட்டுத் தள்ளி, ஒரு கையும் படாமல் நிற்கிறார் என்று நினைத்தேன். என்னால் அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை.

துறைமுகத்தில் மார்ட்டின் நண்டுக்கூடு ஒன்றுக்கு வலை பின்னிக்கொண்டிருந்தார். நேற்றைய இளையவர், அவருடைய மச்சான் டாரா, பக்கத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் மார்ட்டின் எழுந்துவிட்டார்.

“எல்லாம் அளவு பார்த்துத்தான் எடுக்கிறனாங்கள், மேடம்.”

“நான் அதிகாரி இல்லை. மாணவி.”

“அப்ப நேற்று ஏன் அப்பிடி நிண்டனீங்கள்?”

சும்மா பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கில் அது தயாராக இருந்தது.

“மீனுக்கு” என்றேன். “எங்கட ஊரில வள்ளம் இழுக்கக் கை குடுத்தால் கறிக்கு ஒரு மீன் தருவினம். அதுக்குத்தான் நிண்டனான்.”

டாரா வெடித்துச் சிரித்தார். மார்ட்டின் சிரிக்கவில்லை. “எவ்வளவு நேரமடா நிண்டவ?” என்று அவரைக் கேட்டார்.

“பத்து நிமிசம் இருக்கும்.”

“மழைக்குள்ள! கடவுளே. ஏன் பிள்ளை, கேட்டிருக்கலாமே!”

“கேட்கிறேல்லை. நிண்டால் அவைக்கு விளங்கும்.”

“இங்க நிண்டால், நிக்கிறீங்கள் எண்டு மட்டும்தான் எங்களுக்கு விளங்கும்.”

“இங்க வீடு பத்தி எரிஞ்சாலும், இண்டைக்குக் கொஞ்சம் வெக்கை எண்டுதான் எங்கட ஆக்கள் சொல்லுவினம்” என்றார் டாரா. “எங்களிட்ட வாயைத் திறக்காமல் ஒண்டும் நடக்காது.”

மார்ட்டின் வாளியில் இருந்து நாலு மீனை எடுத்து, செவுளுக்குள்ளால் நீல நூலைக் கோத்து முடிச்சுப் போட்டார்.

“நேற்றைய மீன் போயிட்டுது. இது காலமை இங்க தூண்டிலில பிடிச்சது.”

“ஒண்டுதான் முறை” என்றேன்.

“இழுத்ததுக்கு ஒண்டு. மற்ற மூண்டும் மழைக்கு.”

இரண்டே முக்கால் பஸ்ஸில் அதே மீசைக்காரச் சாரதி. என் கையில் தொங்கிய பையைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார்.

“மீனோட இருக்கோணும் எண்டுதானே சொன்னனான். ஏத்திக்கொண்டு வரச் சொன்னனானோ?”

கடைசி இருக்கைக்கு அனுப்பினார். பக்கத்தில் மட்டுமல்ல, முன்னால் இரண்டு வரிசைக்கும் ஆளில்லை. சதுப்பும் குளமும் இப்போது மறுபக்க யன்னலில் ஓடின. காலடியில் மீனை வைத்துக்கொண்டு, வகுப்பு முடிவில் விரிவுரையாளரின் மேசையருகில் நான் நிற்பதை வெளியே இருந்து பார்ப்பது போலப் பார்த்தேன். “எல்லாம் சரிதானே?” “சரி.” ஏழு கிழமையாகக் கூடையருகில் நின்றிருக்கிறேன். மேசையில் ஒரு கூடை இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஆறு வரியை அழித்தேன். மூன்று வரி எழுதினேன். முதல் கிழமையில் இருந்தே பாடம் விளங்கவில்லை. நான் எந்தக் குழுவிலும் இல்லை. எனக்கு உதவி வேண்டும். இந்த மூன்றையும் எழுதி முடிக்க முப்பது கிலோமீற்றர் எடுத்தது. ‘உதவி வேண்டும்’ என்பதை இரண்டு தரம் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். ஊக்டரார்ட்டில் இணைப்பு வந்தது. அனுப்பினேன்.

அன்று ஆளில்லாத சமையலறையில் அம்மா வறுத்து இடித்துத் தந்த தூளைப் போட்டு மீனை ஆக்கினேன். நாலையும் ஒரே நாளில் தனியாகச் சாப்பிட்டேன். விரிவுரையாளரின் பதில் செவ்வாய் காலை வந்தது. ‘இன்றைக்கே வாருங்கள். இதை ஏன் முதலிலேயே கேட்கவில்லை?’

அதோடு தனிமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். இளவேனில் வரை தனியாகவே சாப்பிட்டேன். ஆனால் படித்தேன். அடுத்த வருடம் பட்டத்தோடு ஊருக்கு வந்தேன்.

இப்போது மன்னார் நகரில் வேலை. உப்புக்குளத்தில் ஓர் அறையில் இருக்கிறேன். வெள்ளி பின்னேரம் கழுதைகளை விலத்திக்கொண்டு பஸ் ஏறி அரிப்புக்குப் போவேன். திரும்பி வந்த முதல் சனிக்கிழமை விடிய, அம்மா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவரையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். சூசை மாமாவின் வள்ளம் வந்தது. கயிற்றைப் பிடித்தேன்.

“நீங்கள் விடுங்கோ பிள்ளை. கை நோகும்” என்றார் மாமா. முன்பு ‘எடியே’ என்றவர்.

விடவில்லை. இழுத்தேன். அம்மாவும் என் பின்னால் வந்து பிடித்தார். வள்ளம் ஏறியதும் எல்லாரோடும் கூடையருகில் நின்றோம். மற்றவர்களின் காலடியில் மீன் விழுந்தது. எங்கள் முறை வந்தபோது மாமா கூடையைத் தூக்கினார்.

“மாமா, எங்கட கறிமீன்?” என்று கேட்டேன்.

 அம்மா என் கையைக் கிள்ளினார். மாமா அவசரமாகக் கூடையை வைத்து, இருப்பதில் பெரிய பாரையாக இரண்டை எடுத்தார். கடல் தண்ணீரில் கழுவினார். யாரிடமோ ஒரு பை வாங்கி அதற்குள் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.

“குறை நினைக்காதையுங்கோ பிள்ளை.”

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா ஒரே ஒரு வசனம்தான் சொன்னார். “கேட்டிட்டியே மகள்.”

அதன் பிறகு நான் கேட்பதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பேரும் போகிறோம், இழுக்கிறோம், வாய் திறக்காமல் நிற்கிறோம். கயிற்றில் எங்களை இப்போது ஒருவரும் தடுப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர்களின் காலடியில் மீன் துள்ளுகிறது, மணல் தெறிக்கிறது, சிரிக்கிறார்கள், திட்டுகிறார்கள். நான் பழைய சட்டையோடுதான் போகிறேன், இரத்தம் பட்டாலும் பரவாயில்லை என்று.

இதை எழுதும் வரைக்கும் எங்கள் மீன் கழுவி, பையில்தான் வருகிறது.